திருடன் விட்டுப்போன கார்புரேட்டர்

7

நாலாவது தெரு சிக்னலில் லோனி பீச்சமின் நோவா கார் வழக்கம்போல உயிரை விட்டது.

பின்னால் நின்ற பால் வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். லோனி சாவியைத் திருகினான், மிதித்தான், ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தான். இரண்டு முறை பச்சை விழுந்து வீணான பிறகு, தூக்கத்தில் எழுப்பிய மாமனாரைப் போல உறுமிக்கொண்டு கார் கிளம்பியது.

"இதுல எவ்வளவு பெரிய கார்புரேட்டர் மாட்டியிருக்கே?" என்றாள் பக்கத்தில் இருந்த ஐடா க்ரம்லி.

"எழுநூத்தெண்பது பாஸ்."

"அளவைத்தான் கேட்டேன். நெஞ்சை ஏன் நிமித்துறே?"

ஐடாவுக்கு ஐம்பத்தேழு வயது. இருபது வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீ விபத்துகளையும் பொய்த் திருட்டுகளையும் மோப்பம் பிடித்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். லோனி அவளுடைய உதவியாளன், டிரைவர், வாய்க்கொழுப்புக்காக மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டுத் துரத்தப்படுபவன். முப்பத்தொரு வயதாகியும் அந்தக் கொழுப்பு குறையவில்லை.

ஒஹாயோவில் மார்லோ ஃபால்ஸ் என்கிற அந்த ஊரின் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடுமுறை நாளில் கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவனிடம் ஒருவன் கார்புரேட்டரின் அளவைக் கேட்பார்கள். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை அது உள்ளே விடும் என்பதுதான் அந்த எண். அறுநூறு என்று சொன்னவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். எண்ணூற்றைம்பது என்றவனுக்கு பீர் கிடைக்கும். அவ்வளவு காற்றை அந்த எஞ்சின் குடிக்குமா என்று எவனும் கேட்டதில்லை. வாய் அகலமாகிவிட்டால் மெதுவாகப் போகும்போது காற்று சோம்பேறித்தனமாக நுழையும், பெட்ரோலை இழுக்காது, எஞ்சின் இருமிச் செத்துப்போகும். அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடப் பார்க்கும் பிள்ளையின் கதைதான். அப்படி நடுரோட்டில் நின்றாலும் இவர்கள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு இருக்கும்.

அந்த வியாதிதான் இன்றைக்கு ஓர் ஆளை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது.

ஆளின் பெயர் ஓட்டிஸ் ரென். மெக்கானிக். கார் திருடியதற்காக நாலு வருடம் உள்ளே இருந்துவிட்டு, பரோலில் வெளியே வந்து பதினாலு மாதம் ஆகிறது. ஐடாவின் கிழட்டு டாட்ஜை உயிரோடு வைத்திருப்பவன் அவன்தான். பர்ல் ஹாட்சர் என்கிறவன் அவன்மேல் புகார் சொல்லியிருந்தான்: மார்ச்சில் சர்வீஸுக்கு விட்ட காரிலிருந்து எண்ணூற்றைம்பதைத் திருடிக்கொண்டு, பதிலுக்கு ஓர் அறுநூறை மாட்டிவிட்டானாம். இன்று மாலை நாலு மணிக்குப் பரோல் அதிகாரி ஓட்டிஸின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார். அங்கே பர்ல் கையெழுத்துப் போட்டால், மிச்சமிருக்கும் மூன்று வருடத்தைக் கழிக்க ஓட்டிஸ் திரும்ப உள்ளே போக வேண்டும்.

"மார்ச்ல நான் கார்புரேட்டர் மூடியைத் திறந்தப்பவே உள்ள அறுநூறுதான் இருந்துச்சு மேடம்," என்று காலையில் ஓட்டிஸ் சொல்லியிருந்தான். "மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன். கேக்காத விஷயத்தைப் பேசக்கூடாதுன்னுதான் நாலு வருஷமா உள்ள கத்துக்கிட்டு வந்தேன். அதனால பேசல."

அதை ஐடாவைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. இப்போது மணி ஒன்று.

பர்ல் ஹாட்சர் ஒரு கார்ப்பெட் கடையின் மேனேஜர். அவனுடைய சிவப்பு ஷெவெல், கருப்புப் பட்டைகளுடன், கடை வாசலில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பர்லும் அப்படித்தான், இரண்டு ஆளின் இடத்தை எடுத்துக்கொண்டு நின்றான். பெல்ட்டின் பித்தளை பக்கிள் ஒரு சாஸர் அளவு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவனே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஏரிக்கரைப் பூங்காவில் கார் கிளப்பின் மாதக் கூட்டம். எவனோ எண்ணூற்றைம்பதைப் பார்க்க ஆசைப்பட்டானாம். இவனும் தாராளமாகக் கார்புரேட்டரை மறைக்கும் மேல் மூடியைக் கழற்றிக் காட்டினானாம். உள்ளே அறுநூறு. பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தன் புல்லில் உருண்டு சிரித்தானாம்.

"மார்ச்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் உங்களுக்கு வித்தியாசமே தெரியலையா?" என்று கேட்டாள் ஐடா.

"மேல மூடி இருக்குல்ல?"

"மூடி கண்ணுக்குத்தான் மிஸ்டர் ஹாட்சர். கால் ஆக்ஸிலேட்டர்லதானே இருந்துச்சு?"

பர்லின் காது சிவந்தது. இந்தக் கோடை முழுக்க வண்டி பிரமாதமாகத்தான் ஓடியது என்றான். சிக்னலில் மூன்று பேரை முந்திக் காட்டியிருக்கிறான். அதெல்லாம் தன் கால் திறமை என்று நினைத்தானாம்.

லோனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாஸ், நல்ல திருடன். திருடிட்டு ரிப்பேரும் பண்ணிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டுப் பக்கம் வர மாட்டானா?"

ஐடா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்தாள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சின்ன வட்டமாக, குளிரில் எஞ்சின் கிளம்ப உதவும் மின்சார சோக் ஒன்று இருந்தது. அதிலிருந்து வயர் ஒன்று மற்ற வயர்களோடு சேர்ந்து பின்பக்கம் ஓடியது. டேப் சுற்றவில்லை. மெழுகு பூசிய நூலால், அரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, அளந்து போட்டதுபோல் கட்டியிருந்தது.

"திருடன் எம்ப்ராய்டரி வேற கத்துக்கிட்டிருக்கான்," என்றான் லோனி.

ஐடா சிரிக்கவில்லை. "உங்க எண்ணூத்தம்பதுல சோக் இருந்துச்சா?"

"அது ரேஸ் கார்புரேட்டர். அதுக்கு எதுக்குச் சோக்? குளிர்ல எவன் இந்த வண்டியை எடுக்கப்போறான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றாள் ஐடா.

காத்திருந்த லோனி டிக்கிமேல் சாய்ந்தான். பர்ல் பாய்ந்து வந்தான். "டேய், டிக்கில சாயாதே. பெயின்ட் போயிடும்." லோனி விலகினான். தன் குளிர்பான பாட்டிலை அதே பர்ல் முன்பக்க மட்கார்டின்மேல் ஈரத்தோடு வைத்திருந்ததை அவன் பார்த்தான். அந்தப் பெயின்ட் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது பர்ல் குரலைத் தாழ்த்தினான். "இந்தாம்மா, விசாரிக்கிறேன்னு என் வீட்டுப் பக்கம் போயிடாதே. வீட்ல இதை நான் சொல்லல. பொம்பளைக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

ஐடா அவனை ஒரு கணம் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை அது.

நோவா அடுத்த சிக்னலில் செத்தது. அந்த இடைவெளியில் ஐடா பேசினாள். திருடுகிறவன் காலியாக விட்டுவிட்டுப் போவான். இவன் இருந்ததைவிடப் பொருத்தமான ஒன்றை மாட்டியிருக்கிறான். அதுவும் குளிரில் ஒரே திருகில் கிளம்ப சோக் வைத்து மாட்டியிருக்கிறான். அப்படியானால் இவனுக்கு எண்ணூற்றைம்பது வேண்டியிருக்கவில்லை. பனி கொட்டுகிற காலையில் அந்தக் கார் நிற்காமல் ஓட வேண்டியிருந்தது.

"அந்த முடிச்சு?" என்று கேட்டான் லோனி.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல தீப்பிடிச்சப்ப இன்ஷூரன்ஸுக்காக ரெண்டு வாரம் அங்க கிடந்தேன். அங்க ஆயிரக்கணக்கான வயரை இப்படித்தான் கட்டியிருப்பாங்க. டேப் காஞ்சா நழுவும், மெழுகு நூல் நழுவாது. மெக்கானிக் எவனும் இப்படிக் கட்ட மாட்டான். இவ்வளவு பொறுமை அவனுங்க பரம்பரையிலேயே கிடையாது."

எக்ஸ்சேஞ்சின் பின்வாசலில் சூப்பர்வைசர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். வயர் கட்டும் வேலையைச் செய்வது யார் என்று ஐடா கேட்டாள். முன்பு ஆறு பேர் இருந்தார்களாம். இப்போது ஒரே ஆள்தானாம், பதினைந்து வருடமாக.

"ஏழு மணி ஷிஃப்ட். ஒரு நாள் லேட் கிடையாது. ஜனவரியில மட்டும் நாலஞ்சு நாள் லேட்டா வந்தாங்க, கார் சரியில்லைன்னு. மேவிஸ் ஹாட்சர்னு பேரு. கூப்பிடட்டுமா?"

லோனி ஐடாவைத் திரும்பிப் பார்த்தான். "கூப்பிடுங்க," என்றாள் அவள்.

மேவிஸ் ஹாட்சர் ஒல்லியான, சின்ன உருவம். விரல்நுனிகள் மெழுகு ஏறிப் பளபளத்தன. ஐடா கேட்டதும் மறைக்கவே இல்லை. ஆமாம், நான்தான் மாற்றினேன் என்றாள், விளக்கின் பல்பை மாற்றியதுபோல.

ஜனவரியில் அவளுடைய வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. புதிது வாங்கப் பர்லுக்கு மனம் வரவில்லை, ஷெவெலை எடுத்துக்கொண்டு போ என்றான். குளிரில் அது கிளம்ப அரை மணி நேரம் ஆகும். கிளம்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும். புகார் சொன்னால், ஓட்டத் தெரியாத கைக்கு இந்த வண்டி அடங்காது என்று சிரிப்பான்.

"ஒரு நாள் ரயில்வே கிராஸிங்ல தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு," என்றாள் மேவிஸ். "விளக்கு எரியுது, மணி அடிக்குது. நான் இறங்கி ஓடியிருக்கணும். ஓடல, சாவியைத் திருகிக்கிட்டே இருந்தேன். கடைசி நிமிஷத்துல பிடிச்சுது. வீட்டுக்கு வந்து சொன்னேன். 'வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார்."

லோனிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தியது. தன் நோவா வழியில் நின்றபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் தான் என்ன சொன்னோம் என்று யோசித்தான். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அன்று இரவே மேவிஸ் கணக்குப் போட்டாளாம். பர்ல் மாதாமாதம் வாங்கும் கார் பத்திரிகையில்தான் அந்தக் கணக்கு இருந்தது. எஞ்சின் முந்நூற்றைம்பது கன அங்குலம். அதைச் சுற்று வேகத்தால் பெருக்கி, மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறால் வகுக்க வேண்டும். "அவர் அஞ்சாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல ஓட்டினதே இல்ல. ஐந்நூத்தறுபது கூட வரல, அறுநூறு தாராளம். அவர் அந்தப் புத்தகத்துல படம் மட்டும்தான் பார்ப்பார்." பழைய சாமான் கடையில் ஓர் அறுநூறைப் பிடித்து, பிப்ரவரியில் பர்ல் கார்ப்பெட் கண்காட்சிக்குப் போன சனிக்கிழமையில் மாட்டியிருக்கிறாள். எண்ணூற்றைம்பதைச் சமையல் துண்டில் சுற்றி, துணி துவைக்கும் அறை அலமாரியில் பழைய கேக் டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். வண்டி நல்லாயிருக்கே என்று அவன் கேட்கும் நாளில் சொல்லலாம் என்று நினைத்தாளாம். அவன் நல்லாயிருக்கு என்றுதான் தினமும் சொன்னான், ஆனால் தன் காலைப் பார்த்துச் சொன்னான்.

ஓட்டிஸ் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஐடா சொன்னாள். மேவிஸின் முகத்தில் இருந்த அமைதி கழன்று விழுந்தது. தெர்மாஸை மூடினாள், ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்தாள், நோவாவின் பின்சீட்டில் ஏறினாள்.

ஹாட்சர் வீடு போய்ச் சேர மூன்று சிக்னல். மூன்றிலும் நோவா செத்தது. மேவிஸ் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். வீட்டு வாசலில் காய்ந்துபோன தக்காளிச் செடிகள் குச்சிகளோடு நின்றன. ஒவ்வொரு குச்சியிலும் மெழுகு நூல், ஒரே மாதிரி முடிச்சு. தபால் பெட்டியிலும் அதே முடிச்சு. போன கிறிஸ்துமஸ் விளக்கை அவிழ்க்காமல் விட்டிருந்த கைப்பிடி நெடுக அதே முடிச்சு.

கேக் டப்பா அலமாரியில் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

மணி மூன்று முப்பத்தைந்து. லோனி கடிகாரத்தையும் காலி டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். திருட்டுப் பொருள் இல்லாமல் இவள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? ஜெயிலுக்குப் போய் வந்தவனைக் காப்பாற்ற எந்த வக்கீலோ சொல்லிக் கொடுத்த கதை என்பார்கள். அதைச் சொல்லவும் செய்தான். ஐடா டப்பாவை மூடி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"மிஸஸ் ஹாட்சர், ஷெவெலுக்கு ரெண்டாவது சாவி உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் பரோல் அதிகாரி ஒரு டயர்மேல் படிவத்தை விரித்து வைத்திருந்தார். ஓட்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. பர்ல் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். வாசலில் ஷெவெல். நோவாவிலிருந்து தன் மனைவி இறங்குவதைப் பார்த்ததும் பேனா அந்தரத்தில் நின்றது.

ஐடா அவசரப்படவில்லை. படிவத்தில் காணாமல் போனது என்ன என்று எழுதியிருக்கிறது என்று அதிகாரியிடம் கேட்டாள். கார்புரேட்டர், எண்ணூற்றைம்பது என்று அவர் படித்தார். கடைசியாகப் பார்த்தது எப்போது என்றாள். மார்ச் என்று எழுதியிருந்தது.

"டிக்கியைத் திறக்கலாமா மிஸ்டர் ஹாட்சர்?"

"வாரன்ட் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல. சாவி இருக்கு," என்றாள் மேவிஸ்.

அவள் நடந்து போய்த் திறந்தாள். மாற்று டயருக்குப் பக்கத்தில், நீலக் கட்டம் போட்ட சமையல் துண்டுக்குள், எண்ணூற்றைம்பது நிம்மதியாகப் படுத்திருந்தது.

ஓட்டிஸ் துண்டுத்துணியைக் கீழே போட்டான்.

ஐடாதான் ஆரம்பித்தாள். அவள் குரலில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. "ஞாயித்துக்கிழமை மூடியைத் திறந்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும். பதினஞ்சு வருஷமா அந்த முடிச்சு உங்க வீட்டுத் தக்காளிக் குச்சில இருக்கு, கிறிஸ்துமஸ் விளக்குல இருக்கு. வீட்டுக்குப் போனீங்க, தேடுனீங்க, டப்பாவைக் கண்டுபிடிச்சீங்க. உள்ள இருந்ததை டிக்கில ஒளிச்சீங்க, அதான் லோனி சாஞ்சதும் பாய்ஞ்சு வந்தீங்க. சரிபண்ணினது பெண்டாட்டி, எட்டு மாசமா எனக்கே தெரியலைன்னு பன்னெண்டு பேர்கிட்டச் சொல்லணும். அதை விட ஒருத்தனை மூணு வருஷம் உள்ள தள்ளுறது சுலபமா இருந்துச்சு."

"அவங்க சிரிச்சாங்க," என்றான் பர்ல். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று லோனி எதிர்பார்க்கவில்லை. "அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும் பர்ல்," என்றாள் மேவிஸ். "தண்டவாளத்துலேர்ந்து வந்தப்ப நீ சிரிச்சே."

அதிகாரி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். பொய்ப் புகாருக்கும் படிவம் உண்டு, ஓட்டிஸ் விரும்பினால் அதை நிரப்பலாம் என்றார். எல்லோரும் ஓட்டிஸைப் பார்த்தார்கள். அவன் கீழே போட்ட துணியைக் குனிந்து எடுத்தான். சிறைக்குப் போவதென்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"வேணாம் சார். அடுத்த மாசக் கூட்டத்துல அதே பன்னெண்டு பேர் முன்னாடி அவரே மூடியைத் திறந்து, யார் மாட்டினதுன்னு சொல்லணும். நானும் வருவேன். சொல்லலைன்னா அப்ப படிவம் கேக்குறேன்."

பர்ல் தலையாட்டினான். ஜெயிலையே கொடுத்திருக்கலாமே என்று இருந்தது அவன் முகம்.

மேவிஸுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். எண்ணூற்றைம்பதைத் துண்டோடு எடுத்துப் பர்லின் கையில் கொடுத்துவிட்டு ஷெவெலில் ஏறினாள். ஒரே திருகில் கிளம்பியது. அது போன சத்தம்கூடப் பணிவாக இருந்தது.

பர்லைக் கடையில் விடும் பொறுப்பு நோவாவின் தலையில் விழுந்தது. பின்சீட்டில் அவன் கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கைக்குழந்தையைப்போல. ஐடா முன்னால் உட்கார்ந்தாள். நாலாவது தெரு சிக்னல் வந்தது. நோவா இருமியது, குலுங்கியது, செத்தது.

லோனி சாவியைத் திருகினான். மறுபடி திருகினான். பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின. ஐடா கடிகாரத்தைப் பார்த்தாள்.

பின்சீட்டிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"எவ்வளவு மாட்டியிருக்கே?" என்றான் பர்ல்.

"எழுநூத்தெண்பது," என்றான் லோனி. இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை.

பச்சை விழுந்தது. மறுபடி சிவப்பாகியது. பர்ல் மடியில் இருந்ததைத் துண்டால் மூடினான்.

"பெருசு தம்பி," என்றான். "ரொம்பப் பெருசு."